படுக்கையில் புரண்டால் வீடு சுற்றுகிறது: காதா, கழுத்தா, காலா?

கயல்_தெம்பனிஸ்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக, விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தாலே அறை முழுக்கச் சுற்றுகிறது என்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டிலைப் பிடித்துக்கொள்வார். ஒரு நிமிடம்கூட இருக்காது, அடங்கிவிடும். சமையலறையில் மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தாலும் அப்படித்தான், குமட்டலும் வருகிறது. இடப்பக்கம் புரண்டால் ஒன்றும் இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சலும் இல்லை.

இதுபோக இன்னொன்றையும் கவனித்தேன். இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். பகலில் அந்தத் தடுமாற்றம் கிடையாது. தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்னைவிட வேகமாக நடப்பார்.

பெரியம்மா பித்தம் என்கிறார். கீழ்வீட்டு அண்ணன் கழுத்தெலும்புத் தேய்மானம், கழுத்துப் பட்டை வாங்கிப் போடு என்கிறார். பக்கத்து மருந்தகத்தில் தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் தூங்குகிறார், விழித்துப் புரண்டால் மறுபடியும் சுற்றுகிறது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்திருக்கிறேன். போவதற்கு முன் எனக்குப் புரிய வேண்டும். உடம்பில் எந்த இடத்தில் என்ன நடந்தால் வீடு சுற்றுவதாகத் தெரியும்? இரவுத் தடுமாற்றமும் இதுவும் ஒன்றுதானா?

தாதி_மல்லிகா

கயல், விளக்கத்தை மற்றவர்கள் சொல்வார்கள். முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பதிவுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995 அழைக்க வேண்டும். மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகும் இரத்தக்குழாய் அடைத்தாலும் தலை சுற்றும். அது பக்கவாதம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

அப்புறம் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா? எவ்வளவு நேரம்? எதைச் செய்தால் வருகிறது? கூடவே காதில் ஏதாவது உண்டா? இந்தப் பதில்கள் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்கேன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கயல்_தெம்பனிஸ்

மல்லிகா அக்கா, நீங்கள் சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை. கண் இருட்டவில்லை, சுற்றுகிறது. தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

உயிரியல்_வாத்தியார்

அப்படியானால் உட்செவியைப் பற்றிப் பேசலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உறுப்புக்குப் பள்ளிப் பாடத்தில் கிடைக்கும் இடம் மிகவும் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று எண்ணும்போது ஒரு புலன் விட்டுப்போகிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் புலன் அது. அதன் உறுப்பு வெளியே தெரியாது. காதுக்குப் பின்னால் தடவினால் தட்டுப்படும் பொட்டெலும்பின் உட்புறத்தில், மண்டையோட்டிலேயே மிகக் கெட்டியான பகுதிக்குள் புதைந்திருக்கிறது.

செவிப்பறைக்கு இந்தப் பக்கம் புறச்செவி, அந்தப் பக்கம் நடுச்செவி. நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள். அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு. அதற்கும் உள்ளே போனால் உட்செவி. அதன் முன்பக்கம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா, கேட்பதற்கு. பின்பக்கம் மூன்று அரைவட்டக் கால்வாய்கள். இரண்டுக்கும் நடுவே யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு சிறு பைகள். இவை எல்லாவற்றின் உள்ளேயும் எண்டோலிம்ப் என்ற திரவம்.

மூன்று கால்வாய்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. ஆமாம் என்று தலையசைத்தாலும், இல்லை என்று ஆட்டினாலும், தோள் பக்கம் சாய்த்தாலும் குறைந்தது ஒரு கால்வாயாவது அதை உணர்ந்துவிடும். தண்ணீர் டம்ளரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு கணம் பின்தங்கும். கால்வாயிலும் அதேதான். ஒவ்வொரு கால்வாயும் அடியில் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் குறுக்கே குபுலா என்ற கூழ்த்தடுப்பு நிற்கிறது. பின்தங்கும் திரவம் அதை வளைக்கும். அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைச் செல்களின் இழைகளும் சேர்ந்து வளையும். ஒரு பக்கம் வளைந்தால் நரம்பில் துடிப்பு கூடும், எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும். சும்மா இருக்கும்போதும் இந்த நரம்பு துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. வலது காதில் கூடி இடது காதில் குறைந்தால் தலை வலப்பக்கம் திரும்புகிறது என்று மூளை கணக்கிடுகிறது.

பைகளின் வேலை வேறு. அங்கே மயிரிழைச் செல்களின் மேல் ஒரு கூழ்ப்படலம், அதன் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள். வேதியியல்படி பார்த்தால் சுண்ணாம்புக்கல்லும் இதுவும் ஒன்றே. படிகங்களுக்கு எடை இருப்பதால் புவியீர்ப்பு அவற்றை இழுக்கும். தலை சாய்ந்தால் படலம் நழுவும், இழைகள் வளையும். கண்ணை மூடிக்கொண்டு புளோக் மின்தூக்கியில் ஏறினாலும் மேலே போகிறோம் என்று தெரிகிறதே, அது சாக்யூல். எம்ஆர்டி ரயில் கிளம்பும்போது முன்னால் இழுக்கப்படுவது தெரிகிறதே, அது யூட்ரிக்கிள்.

இப்போது அம்மாவின் விஷயம். வயதாகும்போது யூட்ரிக்கிளில் இருக்கும் படிகங்களில் சில கழன்று விடுவதுண்டு. தலையில் அடிபட்டாலும் கழலும். கழன்றவை பக்கத்தில் இருக்கும் கால்வாய்க்குள் விழுந்தால் பிரச்சினை தொடங்கும். பெரும்பாலும் பின்பக்கக் கால்வாயில்தான் விழும், ஏனென்றால் நிற்கும்போதும் படுக்கும்போதும் அதுதான் தாழ்வான இடம். திருப்பத்தை மட்டும் உணர வேண்டிய கால்வாய், எடையுள்ள துகள்கள் உள்ளே வந்ததால் புவியீர்ப்பையும் உணரத் தொடங்குகிறது. அம்மா வலப்பக்கம் புரள்கிறார். தலை திரும்பி நின்றுவிட்டது. ஆனால் படிகங்கள் கால்வாயில் சரிந்துகொண்டே இருக்கின்றன, திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன, குபுலா வளைந்தே நிற்கிறது. தலை இன்னும் சுழல்கிறது என்று வலது காது சொல்கிறது. இடது காது அப்படி எதுவும் இல்லை என்கிறது. படிகங்கள் அடியில் போய்த் தங்கியதும் சுற்றல் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். ஒரு பக்கம் புரண்டால் மட்டும் வருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாகப் பிபிபிவி என்பார்கள், தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்துபோகும் ஆபத்தில்லாத சுற்றல் என்று பொருள்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தக வர்ணனைக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது.

ஜூரோங்_செல்வம்

வாத்தியார் சார், உங்கள் விளக்கம் அருமை. ஆனால் கழுத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியுமா? என் மச்சானுக்கும் இதேபோல்தான் வந்தது. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று இருந்தது. பட்டை போட்டார், சில வாரத்தில் சரியாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதைக் கழுத்துத் தலைசுற்றல் என்றுதான் சொல்வோம்.

உயிரியல்_வாத்தியார்

செல்வம், நல்ல கேள்வி. கழுத்துத் தசைகளிலும் மூட்டுகளிலும் நிலையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவையும் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆகவே கழுத்துக்கும் சமநிலைக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் யோசித்துப் பாருங்கள். படுக்கையில் புரளும்போது தலையும் உடம்பும் சேர்ந்தே உருளும், கழுத்து முறுக்கிக்கொள்வதில்லை. மாறுவது புவியீர்ப்பைப் பொறுத்துத் தலை கிடக்கும் நிலை. அப்போது வரும் சுற்றலுக்குக் கழுத்தைவிட உட்செவியில்தான் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். எழுபது வயதில் யாருக்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும், தலையே சுற்றாதவர்களுக்கும் தெரியும். பட்டை போட்டால் தலையை அண்ணாந்து பார்க்க முடியாது, வேகமாகத் திருப்ப முடியாது. அதனால் படிகங்கள் நகராது, சுற்றலும் வராது. அதற்குள் சில வாரத்தில் படிகங்கள் தாமாகவே வெளியேறிவிடுவதும் உண்டு. உங்கள் மச்சான் குணமானது உண்மை. குணமாக்கியது பட்டைதான் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

இயன்முறை_நிலா

முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சிகள் என் அன்றாட வேலை. செல்வம் அண்ணன் சொல்வதை வாரம்தோறும் கேட்கிறேன். பட்டையால் எனக்கு இன்னொரு கவலை. அதைப் போட்டுக்கொண்டு குனிந்து தரையைப் பார்க்க முடியாது. கழிவறை வாசலில் இருக்கும் சிறு மேடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஏற்கெனவே தடுமாறுகிறவருக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம்.

கயலின் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. இரவுத் தடுமாற்றம். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. வேலை முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

கயல்_தெம்பனிஸ்

வாத்தியார் சார், ஒரு சந்தேகம். காதில் கோளாறு என்றால் ஏன் கண்ணுக்கு வீடு சுற்றுகிறது? நேற்று அம்மாவுக்கு வந்தபோது கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கருவிழிகள் துடித்துத் துடித்து ஒரு பக்கமாக ஓடின. பயந்துவிட்டேன்.

உயிரியல்_வாத்தியார்

பயப்பட வேண்டாம், நீங்கள் பார்த்ததுதான் முக்கியமான தடயம். அடுத்த முறை வந்தால் கைபேசியில் கண்களைப் படம் பிடித்து வையுங்கள். எந்தத் திசையில் துடிக்கிறது என்பதைப் பார்த்தே எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை இப்போதே நீங்கள் சோதிக்கலாம். விரலை முகத்துக்கு எதிரே நீட்டி, வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ரேகை மங்கிவிடும். இப்போது விரலை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். ரேகை தெளிவாகத் தெரியும். தலை வலப்பக்கம் போனால் கண்கள் அதே அளவு இடப்பக்கம் போய் ஈடுகட்டுகின்றன. பார்வையைக் கொண்டு ஈடுகட்டினால் இந்த வேகம் வராது. கால்வாயிலிருந்து நேராகக் கட்டளை போகிறது.

வழி இதுதான். உட்செவியிலிருந்து எட்டாவது கபால நரம்பு கிளம்புகிறது. கேட்கும் இழைகளும் சமநிலை இழைகளும் ஒரே கட்டாக, ஓர் எலும்புக் குழல் வழியாக, முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்போடு சேர்ந்து போகின்றன. மூளைத்தண்டில் சமநிலைக்கென்று உள்ள நரம்பு முடிச்சுகளை அடைகின்றன. அங்கிருந்து ஒரு கிளை கண்தசைகளை இயக்கும் 3, 4, 6ஆவது நரம்புகளின் மையங்களுக்கு. காதிலிருந்து கண் வரை மூன்றே மூன்று நியூரான்கள்தான் (நரம்புச் செல்கள்) சங்கிலி, நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கண் நகர்ந்துவிடும். இன்னொரு கிளை தண்டுவடத்தில் இறங்கி முதுகு, கால் தசைகளை இறுக்கித் தளர்த்தும். இன்னொன்று சிறுமூளைக்கு. வாந்தியைத் தூண்டும் மையங்களுக்கும் தொடர்பு உண்டு. அம்மாவுக்குக் குமட்டுவது அதனால்தான், வயிற்றிலோ பித்தத்திலோ கோளாறு இருக்க வேண்டியதில்லை.

கால்வாய் பொய்ச் செய்தி அனுப்பினாலும் கண்கள் அதற்குக் கீழ்ப்படிகின்றன. நகராத அறையின் மேல் கண் நகர்ந்தால், அறை நகர்வதாகத் தெரியும்.

இந்த ஈடுகட்டல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1952இல் ஓர் அமெரிக்க மருத்துவர் தன் அனுபவமாகவே மருத்துவ இதழில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியால் அவருடைய இரண்டு பக்கச் சமநிலை உறுப்புகளும் அழிந்துவிட்டன. படுக்கையில் சாய்ந்து படிக்கும்போது, நாடித் துடிப்பால் தலை மெல்ல அதிர்வதற்கே எழுத்துகள் குதித்தனவாம். கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்துத்தான் படித்திருக்கிறார். நம் எல்லோருக்கும் நாடி துடிக்கிறது, தலை அதிர்கிறது. எழுத்து அசையாமல் இருப்பது இந்த மூன்று நியூரான்களின் உழைப்பு.

இந்தத் துறையைத் திறந்து வைத்தவர்களில் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற காது மருத்துவர், நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது தலைசுற்றல் வருவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு திசையில் துடித்தன, சூடாக இருந்தால் எதிர்த்திசையில். உட்செவித் திரவத்தில் வெப்பம் நீரோட்டத்தை உண்டாக்குகிறது என்று அவர் விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தண்ணீர் விட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை இன்றும் காது மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

படகுப்பயணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் படகில் போகும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அதுவும் இதே உறுப்புதானா?

உயிரியல்_வாத்தியார்

ஆமாம், ஆனால் உங்கள் உறுப்பில் பழுது இல்லை. படகின் அறைக்குள் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தால், எதுவும் நகரவில்லை என்று கண் சொல்கிறது, ஏறி இறங்குகிறோம் என்று காது சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். தொலைவில் அடிவானத்தைப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகும்.

பிடோக்_மீனாட்சி

என் கணவருக்குச் சுற்றல் மணிக்கணக்கில் இருக்கிறது. இடது காது அடைத்துக்கொண்ட உணர்வு, இரைச்சல், அந்த நேரத்தில் கேட்பதும் குறைகிறது. தலையை அசைக்காமல் படுத்திருந்தாலும் விடுவதில்லை. இதுவும் படிகம்தானா?

தாதி_மல்லிகா

இல்லை மீனாட்சி, இது வேறு. காதடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது, மணிக்கணக்கில் சுற்றல், நான்கும் சேர்ந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். எண்டோலிம்ப் திரவம் அளவுக்கு மேல் பெருகி உள்ளே வீங்குவது அதில் காணப்படுகிறது. தலைசுற்றல் காதிலிருந்தும் வரும் என்று 1861இல் முதலில் எடுத்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் மெனியரின் பெயர்தான் அந்த நோய்க்கு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், கேட்கும் திறன் சோதனை அவசியம். தள்ளிப்போட வேண்டாம்.

இயன்முறை_நிலா

இப்போது இரவுத் தடுமாற்றம்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வேண்டும். உட்செவி, கண், கால். கால் என்பதில் பாதத் தோலின் தொடுவுணர்வும் கணுக்கால் தசை, மூட்டுகளின் நிலையுணர்வும் அடக்கம். பாதத் தோலுக்கு அடியில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. தசைகளுக்குள் நீட்சியை அளக்கும் இழைகள் இருக்கின்றன. உடம்பு இம்மி அளவு முன்னால் சாய்ந்தாலும் கெண்டைக்கால் தசை நீள்கிறது, அந்தச் செய்தி உடனே மேலே போகிறது. இந்த வகை நரம்பு இழைகள் பருமனானவை, மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்தியவை, நொடிக்கு 100 மீட்டருக்கு மேல்கூடக் கடத்துகின்றன. காந்தலாக வரும் வலியைக் கடத்தும் மெல்லிய இழைகளோ நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, காந்தல் பிறகு வருவது இதனால்தான்.

கால் கட்டைவிரலின் நிலையை உணரும் நரம்புச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் இடுப்புக்குப் பின்னால் தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. ஓர் இழை விரல் நுனி வரை இறங்குகிறது, மற்றொன்று தண்டுவடத்தின் பின்பக்கமாக, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வரை ஏறுகிறது. இடையில் மாற்று எதுவும் இல்லை, ஒரே செல். உயரமானவர்களுக்கு அதன் நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். மனித உடம்பில் இவ்வளவு நீளமான செல் வேறு இல்லை.

சர்க்கரை நோய் இந்த நீளமான இழைகளைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால்தான் மரமரப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடும் இடம் முழுக்க மெல்ல ஏறுகிறது. வலியே இல்லாமல் வருவதால் பலருக்குத் தெரிவதில்லை. பகலில் கண் உதவுகிறது, நடை நன்றாக இருக்கிறது. இரவில் விளக்கில்லாமல் நடக்கும்போது கண்ணின் உதவி போய்விடுகிறது, காலின் செய்தியும் குறைந்திருக்கிறது, உட்செவி ஒன்றுதான் மிச்சம். அம்மாவுக்கு அதிலும் இப்போது படிகம் கழன்றிருக்கலாம். சுவரைத் தொடும் கை நான்காவது புலனாக வேலை செய்கிறது. விரலால் லேசாகத் தொட்டாலே தள்ளாட்டம் குறையும்.

கண்ணை மூடி, பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிப் பார்ப்பது மருத்துவர்களின் பழைய சோதனை. ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், பக்கத்தில் பிடிக்க ஆள் வேண்டும்.

காலின் செய்தி முழுவதும் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேன் சாட்சி. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் அவருக்கு இல்லாமல் போயின. தசைகளில் வலு இருந்தது, அவற்றை இயக்கும் நரம்புகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாததால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இயக்கப் பழகி மீண்டும் நடந்தார். அதன் பிறகும் திடீரென்று விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

கயல், பலதுறை மருந்தகத்தில் பாதச் சோதனை கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் செய்வார்கள். வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அந்தத் தொடுகை தெரியாவிட்டால் காயத்திலிருந்து பாதத்தைக் காக்கும் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சைவமா?

கயல்_தெம்பனிஸ்

இரண்டும் ஆமாம். ஏன் கேட்கிறீர்கள்?

இயன்முறை_நிலா

மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் உடம்பு பி12 உயிர்ச்சத்தை ஏற்பது குறையலாம். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான். சைவர்களுக்குப் பால் ஒன்றே வழி. அது குறைந்தால் தண்டுவடத்தின் பின்பக்க இழைகளின் மையலின் உறை கெடும், நான் மேலே சொன்ன அதே நிலையுணர்வுப் பாதை. சர்க்கரையால் வந்த மரமரப்பு என்று நினைத்து விட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் தவறிப்போகும். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் நம் சமூகத்துக்குச் சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் செருப்பில்லாமல் நடக்கிறோம். பாத உணர்வு குறைந்தவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. சர்க்கரை உள்ளவருக்கு அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாக மாறலாம். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. நடப்பதற்கு முன் பாதச் சோதனை செய்துகொள்ளுங்கள், நடந்த அன்றே யாரையாவது பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்மோகியோ_பெரியவர்

எனக்கு 76 வயது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கிடையாது, இரத்த அழுத்தம் உண்டு. கட்டிலில் இருந்து எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சுற்றுவதில்லை. உட்கார்ந்தால் தெளிந்துவிடும். இது எந்தக் கணக்கில் வரும்?

தாதி_மல்லிகா

ஐயா, இது காதுக் கணக்கில் வராது. எழுந்து நிற்கும்போது இரத்தம் கால் பக்கம் இறங்கும். கழுத்தில் பெரிய தமனி பிரியும் இடத்திலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை 9, 10ஆவது கபால நரம்புகள் வழியே முகுளத்துக்குச் சொல்லும். முகுளம் கால் இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை மீட்டுவிடும். வயதானாலும், அழுத்த மாத்திரையின் அளவு கூடினாலும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் இந்த வேலை தாமதமாகும். படுத்த நிலையிலும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள்ளும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவர் மாத்திரையை மாற்றி அமைப்பார். அதுவரை கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழுங்கள்.

கயல்_தெம்பனிஸ்

போய்விட்டு வந்தோம். மருத்துவர் அம்மாவை உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். சில விநாடிகள் ஒன்றும் இல்லை, அப்புறம் கண் துடித்தது. வலது காது, பின்பக்கக் கால்வாய் என்றார். அங்கேயே தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிச் சரிசெய்தார். அம்மா இப்போது வலப்பக்கம் புரள்கிறார், லேசான மிதப்பு மட்டும் இருக்கிறதாம். பாதச் சோதனையில் இரண்டு கட்டைவிரல்களிலும் தொட்டது தெரியவில்லை. பி12 இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஜூரோங்_செல்வம்

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தத் தலை திருப்பும் சிகிச்சையை வீட்டிலேயே செய்யலாமா? காணொளிகள் நிறைய இருக்கின்றன.

இயன்முறை_நிலா

அண்ணே, அதன் பெயர் எப்லி முறை. அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கியது. வலது காதுக்கு என்றால், உட்கார்ந்து தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்புவார்கள். அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கும்படி, சுற்றல் அடங்கும்வரை வைத்திருப்பார்கள். பிறகு தலையை 90 பாகை இடப்பக்கம். அப்புறம் உடம்போடு இடப்பக்கமாக உருண்டு முகம் தரையைப் பார்க்கும்படி. கடைசியில் எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் புவியீர்ப்பால் படிகங்கள் கால்வாயைச் சுற்றி நகர்ந்து யூட்ரிக்கிளுக்குத் திரும்பிவிடும். உடற்கூற்றை அறிந்தால் மருந்தே இல்லாமல் ஒரு நோயைச் சரிசெய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முதல் முறை மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோதான் செய்ய வேண்டும். காது மாறினால் பலன் இல்லை. கழுத்தெலும்பில் கடுமையான பிரச்சினை, கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரை விலகல் உள்ளவர்களுக்கு இந்த அசைவே ஆபத்து. ஒருமுறை உறுதியானபின், திரும்ப வந்தால் வீட்டில் செய்ய அவர்களே கற்றுக்கொடுப்பார்கள்.

கயல்_தெம்பனிஸ்

முன்பு கொடுத்த தலைசுற்றல் மாத்திரை மிச்சம் இருக்கிறது. தொடரலாமா? அப்புறம், கழிவறைக்கு என்ன செய்யலாம்?

தாதி_மல்லிகா

மாத்திரை குமட்டலை அடக்கும், படிகத்தை நகர்த்தாது. புரோகுளோர்பெராசின் போன்றவை உட்செவிச் செய்தியை மூளையில் மழுங்கச் செய்கின்றன. மூளைக்கோ அந்தச் செய்தி வேண்டும், மாறிய நிலைக்குச் சிறுமூளை பழகிக்கொள்வது அதை வைத்துத்தான். நாள்கணக்கைத் தாண்டி வாரக்கணக்கில் சாப்பிட்டால் அந்தப் பழக்கம் தாமதமாகும். முதியவர்களுக்குக் கை நடுக்கம், நடை மந்தம், தூக்கக் கலக்கத்தில் விழுவது என்று வேறு தொல்லைகளும் வரும். மிச்ச மாத்திரையை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கழிவறைக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முதியோர் வீடுகளைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். கைப்பிடிகள் பொருத்துவார்கள், தரை வழுக்காமல் இருக்கப் பூச்சும் போடுவார்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஆள் நடந்தால் தானாக எரியும் சிறு விளக்குகளை வையுங்கள். காலில் குறைந்துபோன செய்தியைக் கண்தான் ஈடுகட்ட வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள்ளும் தட்டையான, பின்பக்கம் பட்டி உள்ள செருப்பு நல்லது. தடித்த மெத்தைச் செருப்பு வேண்டாம், பாதத்துக்கு எஞ்சியிருக்கும் உணர்வையும் அது மறைத்துவிடும்.

படிகம் திரும்பக் கழலலாம், இது வருபவர்களில் கணிசமானோருக்கு மறுபடியும் வருகிறது. அடுத்த முறை இடப்பக்கம் புரளும்போது வந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். அப்போது மற்ற காதாக இருக்கலாம், திருப்பும் திசையும் மாறும்.